லேப்டாப்பைத் தூக்கிப் போடுவதற்கு முன் ஒரு திருப்புளி வாங்குங்கள்

அக்கா மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை கோலாலம்பூர் செந்தூலில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்து, தன் லேப்டாப்பை மேசையில் வைத்தாள். "மாமா, ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்தாலும் இன்னும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. புதுசு வாங்கிடலாமா?"

2016-இல் வாங்கியது. 4 ஜி.பி. ரேம் (திறந்திருக்கும் வேலைகளைத் தாங்கும் நினைவகம்), 500 ஜி.பி. சுழலும் ஹார்ட் டிஸ்க் (கோப்புகள் இருக்கும் இடம்). திரையில் ஒரு கீறல் இல்லை, கீபோர்டும் நன்றாகவே இருந்தது. புதிதாக வாங்க எப்படியும் இரண்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்) வேண்டும். உள்ளே இரண்டு பாகங்களை மட்டும் மாற்றினோம். அதில் கால்வாசிகூடச் செலவாகவில்லை. திருப்புளி பிடிக்கத் தெரிந்தால் உங்களாலும் முடியும்.

எது மெதுவாக்குகிறது?

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய், வழக்கமான வேலையைச் செய்துகொண்டே கவனியுங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் ஹார்ட் டிஸ்க்தான் வில்லன். மெமரி 90-ஐத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. அக்கா மகளுக்கு இரண்டும்.

ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால், கண்ணை மூடிக்கொண்டு ஹார்ட் டிஸ்க்கை மாற்றி எஸ்.எஸ்.டி. (சுழலாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) போடுங்கள். சுழலும் டிஸ்க் வினாடிக்கு 100 எம்.பி. சுமாருக்குத்தான் படிக்கும், சாட்டா என்ற வழக்கமான இணைப்பில் ஓடும் சாதாரண எஸ்.எஸ்.டி. 500-ஐத் தாண்டும். சின்னச் சின்னக் கோப்புகளைத் தேடி எடுப்பதில் வித்தியாசம் இன்னும் பெரிது, ஏனென்றால் எஸ்.எஸ்.டி.யில் ஓடித் தேட ஊசி கிடையாது. ரேம் அடுத்ததுதான். அதுவும் 2025 இறுதியில் ஏ.ஐ. சர்வர்களுக்கென்று நினைவகத்தை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை கிடுகிடுவென ஏறியது. 8 ஜி.பி. இருந்து சமாளிக்க முடிந்தால் அதோடு விடுங்கள்.

டாஸ்க் மேனேஜரின் அதே மெமரி பக்கத்தில், ரேம் மாட்டும் ஸ்லாட் எத்தனை, எத்தனை பயன்பாட்டில் என்று காட்டும். ஃபார்ம் ஃபேக்டர் என்ற வரியில் 'சோடிம்' என்றிருந்தால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றிருந்தால் அந்த ரேம் போர்டிலேயே ஈயம் வைத்து ஒட்டியது. மெல்லிய லேப்டாப்புகளில் பலவும் அப்படித்தான். எம்1 சிப்பிலிருந்து வந்த மேக்புக்குகளில் ரேமைத் தொடவே முடியாது.

திறந்து பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போங்கள்

நான் தலைகீழாகச் செய்தேன். பிராசசர் ஆறாம் தலைமுறை இன்டெல் என்று தெரிந்ததும், 'அப்படியென்றால் ரேம் டி.டி.ஆர்.4 வகை' என்று நானே முடிவு கட்டி, கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குக் கிளம்பிவிட்டேன். எல்.ஆர்.டி. ரயில் பிடித்து ஹங் துவாவில் மோனோரயில் மாறினால் அடுத்த நிலையம் இம்பி, அங்கிருந்து நடைதான். ரேமை வாங்கி வந்து, லேப்டாப்பைத் திறந்து, மாட்டப் பார்த்தால் நுழையவே இல்லை. ரேமின் அடியில் உள்ள வெட்டு ஓரிடத்தில், ஸ்லாட்டின் மேடு வேறோரிடத்தில். பழைய ரேமின் ஸ்டிக்கரை அப்போதுதான் படித்தேன்: பி.சி.3எல். அந்தத் தலைமுறை சிப் டி.டி.ஆர்.3எல், டி.டி.ஆர்.4 இரண்டையும் ஏற்கும். எதை வைப்பது என்பது லேப்டாப் செய்தவர்கள் விருப்பம். மறுபடியும் இம்பி. கடைக்காரர் சிரித்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். பில்லைக் கிழிக்காமல் வைத்திருந்ததால் பிழைத்தேன்.

அதனால் முதலில் திறங்கள், ஸ்டிக்கரைப் படம் எடுங்கள், அந்தப் படத்தைக் கடையில் காட்டுங்கள். பி.சி.3எல் என்றால் டி.டி.ஆர்.3எல், அது 1.35 வோல்ட்டில் ஓடும். 1.5 வோல்ட் மட்டும் ஏற்கும் பழைய டி.டி.ஆர்.3-ஐ அதற்குப் பதில் வாங்கிவிடாதீர்கள். பி.சி.4 என்றால் டி.டி.ஆர்.4. டிஸ்க் 2.5 அங்குலம் என்றால் 7 மி.மீ. தடிமனுள்ள சாட்டா எஸ்.எஸ்.டி. போதும். சூயிங் கம் போல நீளமான எம்.2 ஸ்லாட் இருந்தால் கவனம்: அது சாட்டாவா, அதைவிட வேகமான என்.வி.எம்.இ. இணைப்பா என்று மாடல் எண்ணை வைத்துத் தேடிப் பார்த்துவிட்டே வாங்குங்கள். இரண்டும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். வாரண்டி காலம் முடியவில்லை என்றால், திறக்கலாமா என்பதையும் முன்பே விசாரியுங்கள்.

திறப்பது

படங்கள், பாடக் கோப்புகள் எல்லாவற்றையும் வெளியே ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்தாயிற்றா? சரி. லேப்டாப்பை ஷட் டவுன் செய்யுங்கள், ஸ்லீப் போதாது. சார்ஜரைப் பிடுங்குங்கள். ஏதாவது பெரிய உலோகத்தை ஒரு தரம் தொட்டு, உடம்பில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள்.

அடியில் உள்ள ஸ்குரூக்கள் எல்லாம் ஒரே நீளம் அல்ல. நீளமானதை மாற்றிப் போட்டு முறுக்கினால் மேல்பக்கம் குத்திக்கொண்டு வரும். ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்த ஸ்குரூ எங்கிருந்து வந்ததோ அங்கேயே டேப்பால் ஒட்டிவிடுங்கள். ரப்பர் கால்களுக்கு அடியிலும் ஒன்றிரண்டு ஒளிந்திருக்கும். எல்லாம் எடுத்தும் மூடி அசையவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள், இன்னொரு ஸ்குரூவைத் தேடுங்கள். விளிம்பில் கத்தியைச் செருகுவதை விட, காலாவதியான பழைய தச் அன் கோ கார்டு (ரயில், டோல் கட்டும் பிளாஸ்டிக் அட்டை) நல்லது. மெதுவாக ஓட்டினால் 'டக் டக்' என்று கொக்கிகள் விடும்.

மூடி வந்ததும் முதல் வேலை, போர்டிலிருந்து பேட்டரி கேபிளைக் கழற்றுவது. பிளாஸ்டிக் முனையைப் பிடித்து இழுங்கள், வயரை இழுக்காதீர்கள்.

மாற்றுவது

ரேமின் இரு பக்கமும் உள்ள கொக்கிகளை வெளியே விலக்கினால் அது தானாகவே சாய்ந்து எழும். புதியதை அதே சாய்வில், வெட்டும் மேடும் பொருந்தும்படி, தங்க நிறப் பல் கிட்டத்தட்ட மறையும் வரை உள்ளே தள்ளுங்கள். பிறகு கீழே அழுத்துங்கள். 'கிளிக்' கேட்க வேண்டும். முதல் முறை நான் பாதிதான் தள்ளியிருந்தேன். ஆன் செய்தால் கறுப்புத் திரை. ஒரு கணம் அடிவயிறு கலங்கிவிட்டது. கழற்றி மறுபடி அழுத்தி மாட்டியதும் சரியானது. ரேம் மாற்றியபின் முதல் தடவை திரை வரச் சற்று நேரம் எடுப்பதும் உண்டு, பதறாதீர்கள்.

ஹார்ட் டிஸ்க் ஒரு தகரச் சட்டத்தில் இருக்கும். அதைக் கழற்றி, சட்டத்தை எஸ்.எஸ்.டி.க்கு மாட்டி, வந்த வழியே திருப்பி வையுங்கள். பேட்டரி கேபிளைத் திரும்ப மாட்டி மூடியை மூடினால் அவ்வளவுதான்.

விண்டோஸ்?

பழைய டிஸ்க்கை அப்படியே குளோன் (முழு நகல்) செய்யலாம். ஆனால் பத்து வருடக் குப்பையும் கூடவே வரும். நான் புதிதாக நிறுவத்தான் சொல்வேன். வேறொரு கணினியில், 8 ஜி.பி. அல்லது அதற்கு மேல் உள்ள பென் டிரைவில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு நிறுவும் கோப்பைத் தயாரியுங்கள். போர்டு அதேதான் என்பதால், விண்டோஸ் முன்பு முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் இணையத்தில் இணைந்ததும் பெரும்பாலும் தானாகவே ஆகிவிடும்.

ஒரு சிக்கல்: விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெல்லில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் முறையாக ஏற்கும். அக்கா மகளுடையது ஆறாம் தலைமுறை, அதனால் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன். இரண்டு நாள் முணுமுணுத்தாள், அப்புறம் பழகிவிட்டது. அவளுக்கு வேண்டியதெல்லாம் பிரவுசர்தான்.

பழைய டிஸ்க்கை 2.5 அங்குல யு.எஸ்.பி. உறையில் போட்டுவிட்டால் வெளி டிஸ்க் ஆகிவிடும். ஒரு மாதம் வரை அதை அழிக்காமல் வைத்திருங்கள். அக்கா மகள் மூன்றாவது வாரம்தான் கேட்டாள்: "மாமா, என் டவுன்லோட்ஸ் ஃபோல்டர் எங்க?"