யாரோ பாதியில் விட்ட குவில்ட்டை முடிப்பது எப்படி

யாரோ துண்டுகளைச் சேர்த்துத் தைத்துவிட்டு, நடுவில் பஞ்சும் பின்னால் அடித்துணியும் வைக்காமல் விட்ட குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) மேல்துணி கைக்கு வந்தால், அதைத் தூக்கி வாஷிங் மெஷினில் போட்டுவிடாதீர்கள். பின்பக்கம் திறந்து கிடக்கும் ஓரமெல்லாம் நூல் நூலாகப் பிரிந்துவிடும், கால் அங்குலம் விட்டுத் தைத்த தையலில் அப்புறம் என்ன மிஞ்சும்? பெட்டி வாசம் அடித்தால் நிழலில் காற்றாடப் போடுங்கள், போதும்.

ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தையல் விட்ட இடம் கோடாகத் தெரியும், அதைப் பின்பக்கத்தில் திரும்பத் தைக்கலாம். துணியே நைந்திருந்தால் மேலே இன்னொரு துண்டை வைத்து மூடுங்கள். மூலைகள் பொருந்தவில்லையே என்று பிரிக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம், அது முதலில் தைத்தவரின் கை, இருந்துவிட்டுப் போகட்டும். சிவப்பு, கருநீலத் துண்டுகளை மட்டும் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், சாயம் ஒட்டினால் அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். பொலியெஸ்டர் கலந்திருக்கிறதோ என்று சந்தேகமா? ஓரத்து நூல் ஒன்றை உருவிச் சிங்க்குக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி சாம்பலாகும், பொலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகிவிடும். அப்படியானால் அயன் சூட்டைக் குறையுங்கள்.

கொழும்புப் புழுக்கத்தில் தடித்த பஞ்சு வைத்தால் யார் போர்ப்பது? நுவரெலியாவுக்கு அனுப்புவதென்றால் சரி. இங்கே நடுவில் பழைய பருத்தி பெட்சீட்டோ ஃபிளானலோ தாராளம். அடித்துணிக்குப் புறக்கோட்டை கெய்சர் வீதிப் பக்கம் போய்ப் பருத்தித் துணி பாருங்கள், அகலம் போதாவிட்டால் இரண்டை இணைத்துக்கொள்ளலாம். புதுத் துணி எதுவானாலும் துவைத்துக் காயவைத்துவிட்டு, நாலு பக்கமும் 3, 4 அங்குலம் கூடுதலாக வெட்டுங்கள்.

இனி மூன்றையும் விரிக்க வேண்டும். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரு மூலையைச் சரிசெய்ய மறுமூலை பறக்கும். அடித்துணியை நல்ல பக்கம் கீழே இருக்கும்படி தரையில் போட்டு டேப் ஒட்டுங்கள், சுருக்கம் போனால் சரி, இழுக்காதீர்கள். அதன்மேல் நடுத்துணி, அதன்மேல் மேல்துணி. நடுவிலிருந்து தொடங்கி உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேப்டி பின்.

தைப்பதும் நடுவிலிருந்துதான். முதல் தடவை பூ, வளைவு என்று ஆசைப்படாமல், இணைப்புத் தையலை ஒட்டி நேர்கோடாக, தையல் நீளம் 3 மில்லிமீட்டர் வைத்து ஓட்டுங்கள். மெஷின் இல்லையா, எம்ப்ராய்டரி நூலை 4 அங்குலத்துக்கு ஒரு இடத்தில் மூன்று துணியிலும் கோர்த்து இரட்டை முடிச்சுப் போட்டாலே குவில்ட் நிற்கும்.

மிச்சத்தை வெட்டிச் சதுரமாக்கியதும், ஓரத்தை மூடும் கரை. இரண்டரை அங்குல அகலத் துணிப் பட்டிகளை நீளமாக இணைத்து, இரண்டாக மடித்து அயன் பண்ணி, மேல்பக்கத்தில் வைத்துத் தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி, பட்டியை மேலே மடித்து, திரும்பக் கீழே மடித்துத் தொடர்ந்தால் மூலை கூராக வரும். அப்புறம் பின்னால் திருப்பிக் கைத்தையல்.

முதல் துவையல் தனியாக, குளிர்ந்த தண்ணீரில். அதுவும் நல்ல வெயில் நாளாகப் பார்த்து, ஏனென்றால் மூன்று மடிப்புத் துணி மழை நாளில் உள்ளே காயாமல் பூஞ்சணம் பிடித்துவிடும்.