வெட்டுகிறோமா, நடுகிறோமா? ஏரிக்கரை நடையிலும் தொண்டிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன அக்டோபர் 2-ஆம் தேதி மாலை, கடலூரில் கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். முப்பது பேர், கையில் கையுறை, நடுவில் பேனர், வாயெல்லாம் சிரிப்பு. "அக்கா, ஒரே நாள்ல கரை முழுக்க சுத்தம் பண்ணிட்டோம்" என்று கீழே எழுதியிருந்தான். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். பேனருக்குப் பின்னால், தண்ணீர் விளிம்பை ஒட்டி, ஆளுயரத்துக்கு வெட்டிக் குவித்திருந்தது நெய்வேலிக் காட்டாமணக்கு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் எடுத்த இதே படம் என்னிடமும் இருக்கிறது. இதே தேதி, இதே செடி, இதே சிரிப்பு.

அதனால்தான் இதை எழுதுகிறேன். குப்பை போடக்கூடாது, சத்தம் போடக்கூடாது, தொப்பி போட்டு வரவேண்டும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன். ஆர்வத்தோடு வருகிறவர்கள் ஆர்வத்தாலேயே செய்கிற தவறுகள் சில உண்டு. ஒன்றுவிடாமல் நானும் செய்தவள்தான்.

நடையைப் பெயர் ஒப்பிப்பது ஆக்குவது

புதுச்சேரிக்குப் பக்கத்தில் இருக்கிற ஊசுட்டேரியில் நான் முதன்முதலாகக் கூட்டிப்போன நடையில் நாற்பது பறவைப் பெயராவது சொல்லியிருப்பேன். நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, முக்குளிப்பான், பாம்புத்தாரா, கூழைக்கடா என்று மூச்சுவிடாமல். முடிந்து டீ குடிக்கும்போது, கூட வந்த சின்னப் பையன் சட்டைப்பையிலிருந்து ஒரு நத்தை ஓட்டை எடுத்துக் காட்டினான். "இது ஏன் கரையெல்லாம் காலியா கிடக்கு?"

அந்த ஓட்டின் மேல்தான் காலையிலிருந்து நடந்துகொண்டிருந்தோம். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போதெல்லாம் அந்த ஓட்டிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். ஆளுக்கொன்று கையில் எடுத்துப் பார்க்கச் சொல்வேன். பல ஓடுகள் உடையாமல் இருக்கும், உள்ளே இருந்த சதை மட்டும் இருக்காது. எப்படி எடுத்தது என்று அவர்களே கொஞ்ச நேரம் மண்டையைக் குடையட்டும். அப்புறம் பைனாகுலரைக் கொடுத்து நத்தைகுத்தி நாரையின் அலகைப் பார்க்கச் சொன்னால், மேலலகுக்கும் கீழலகுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிற அந்த இடைவெளி கண்ணில் படும். குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி இருக்காது, வளர வளரத்தான் வரும் என்று சொன்னால் போதும், அடுத்த அரைமணி நேரம் எல்லோரும் இளசு எது, கிழடு எது என்று தேடிக்கொண்டிருப்பார்கள். ஒரு காலைக்கு மூன்று பறவை தாராளம்.

ஐம்பது பேரைக் கூட்டிப்போவது

பதினைந்துக்கு மேல் போனால் அது ஊர்வலம். கடைசியில் வருகிறவருக்கு நீங்கள் சொல்வது கேட்காது. முன்னால் போகிறவரைப் பார்த்தே பறவை எழுந்துவிடும். ஆள் அதிகமாக வந்துவிட்டால் இரண்டாகப் பிரித்து, இரண்டாவது கூட்டத்தை அரைமணி கழித்து அனுப்புங்கள். முதுகில் வெயில் விழுகிற கரையாகப் பார்த்து நடங்கள். எதிர்வெயிலில் எல்லா வாத்தும் கறுப்பு வாத்துதான்.

போனில் பறவைக் குரலைப் போட்டுக் கூப்பிடுவது

கூடாது. எங்கிருந்தோ பறந்து வந்து, களைத்துப்போய் நம் தோப்பில் இறங்கியிருக்கும் ஆறுமணிக்குருவியை இல்லாத எதிரியைத் தேடி அலைய விடுவதில் என்ன சந்தோஷம்?

நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிக் கரையிலேயே போடுவது

இங்கேதான் கொஞ்சம் நின்று பேசவேண்டும்.

நம் பக்கத்தில் இந்தச் செடியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. ஏரி, குளம், வாய்க்கால் ஓரமெல்லாம் ஊதா கலந்த ரோஸ் நிறத்தில் புனல்போல் பூத்துக் கிடக்குமே, அதுதான். தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. இலையில் நஞ்சு இருப்பதால் ஆடுமாடு பெரும்பாலும் வாய் வைக்காது. அதனாலேயே வேலிக்கு வைத்தார்கள். பெயரில்தான் காட்டாமணக்கு. உண்மையில் இது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் இனம். சர்க்கரைவள்ளியை எப்படிப் பயிர் செய்வோம்? கொடியைத் துண்டு துண்டாக வெட்டி ஈரமண்ணில் செருகுவோம். இந்த ஒன்றை நினைவில் வைத்திருந்தால் நாங்கள் அந்த வேலையைச் செய்திருக்க மாட்டோம்.

ஏரியின் பெயரைச் சொல்லவில்லை, ஊர்க்காரர்களுக்கு ஏற்கெனவே எங்கள்மேல் கோபம். காந்தி ஜெயந்தி விடுமுறை, அறுபது பேர் வந்திருந்தார்கள். கரையில் ஏறக்குறைய இருநூறு அடி நீளத்துக்கு அந்தச் செடி அடர்ந்து கிடந்தது. அரிவாளும் கத்தியுமாக இறங்கினோம். முழங்கால் உயரத்துக்கு வெட்டினோம், ஏனென்றால் அடியில் வெட்டக் குனியவேண்டும், சேறு. வெட்டியதை இழுத்து இழுத்துத் தண்ணீர் ஓரத்திலேயே போட்டோம், ஏனென்றால் கரைமேல் ஏற்றுவதற்கு ஆளில்லை. பதினோரு மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது. படம் எடுத்தோம், பொங்கல் சாப்பிட்டோம்.

கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் அதுவரை ஒன்றும் பேசவில்லை. நாங்கள் கிளம்பும்போது என்னைப் பார்த்துக் கேட்டார்: "ஏம்மா, நீங்க இதை வெட்டுறீங்களா, நடுறீங்களா?"

நான் சிரித்துக்கொண்டே கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன். இன்றைக்கு வரை எரிச்சல் வருவது அந்தச் சிரிப்பை நினைத்துத்தான்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாவது வாரத்தில் பிடிக்கும். அந்த வருஷமும் பிடித்தது. ஏரிக்குத் தண்ணீர் வரத் தொடங்கியதும் எங்கள் குவியல் மிதந்தது. அந்தத் தண்டு உள்ளே குழல்போல் வெற்றாக இருக்கும், தக்கைமாதிரி மிதக்கும். காற்று எந்தப் பக்கம் அடித்ததோ அந்தப் பக்கமெல்லாம் போய் ஒதுங்கியது. ஒதுங்கிய இடத்தில் கணுவுக்குக் கணு வெள்ளை வேர். மாசி மாதம் போய்ப் பார்த்தபோது, முன்பு செடியே இல்லாத எதிர்க்கரையில் வரிசையாக, யாரோ நாற்று நட்டமாதிரி துளிர்த்திருந்தது. இந்தப் பக்கம் முழங்கால் உயரத்தில் விட்ட அடிக்கட்டை ஒவ்வொன்றிலும் ஐந்து, ஆறு கிளை. ஒரு துண்டைப் பிடுங்கிப் பார்த்தேன். என் சாணளவுகூட இல்லை. அதன் ஒரு முனையில் அரிவாள் பட்ட சாய்ந்த வெட்டு அப்படியே இருந்தது. மறுமுனையில் விரல்நீளத்துக்கு வேர்.

அதைச் சரிசெய்ய நாலு வருஷம் ஆனது. இப்போது நாங்கள் செய்கிற விதம் இது.

தண்ணீர் வடிந்திருக்கிற வைகாசி, ஆனியில்தான் தொடுவோம். காய்ந்த களிமண் கல்லாக இருக்கும், கடப்பாரை துள்ளும். அதனால் கோடைமழை ஒன்று பெய்து இரண்டு மூன்று நாள் விட்டு, மண் நெகிழ்ந்திருக்கும்போது வேரோடு பிடுங்குவோம். வெட்டுவது கிளையைக் குறைத்துத் தூக்குவதற்கு மட்டும்தான். பிடுங்கியதைக் குவிக்கமாட்டோம். குவித்தால் மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்று, குவியலுக்குள்ளேயே துளிர்விடும். வெள்ளம் ஏறாத மேட்டில், கெட்டித் தரையில் பரப்பிப் போட்டு, வாரத்துக்கு ஒருமுறை புரட்டுவோம். ஒடித்தால் சடக்கென்று ஒடியவேண்டும். வளைந்தால் அதற்கு இன்னும் உயிர் இருக்கிறது. கரையில் வைத்துக் கொளுத்துவதும் இல்லை. காய்ந்த கோரையில் தீப் பிடித்தால் அப்புறம் யார் ஓடுவது?

இன்னொன்று. ஒரே அடியாக எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஆகாத செடிதான், ஆனாலும் வக்கா, மடையான் மாதிரியான கொக்கு வகைகள் அதில்தான் அடைகின்றன. இந்த வருஷம் ஒரு துண்டு, அடுத்த வருஷம் ஒரு துண்டு. பிடுங்கிய இடத்துக்கு முதல் மழை முடிந்ததும் ஒருமுறை, தையில் ஒருமுறை போய், புதிதாக வந்ததைக் கையால் இழுத்துவிட வேண்டும். அந்த வேலைக்கு நாலு பேர் போதும். அந்த நாலு பேர் கிடைப்பதுதான் கஷ்டம், அங்கே பேனர் கிடையாது.

அறுபது பேருக்கும் விடுமுறை அக்டோபர் 2. ஏரிக்கு அது மழைக்கு முந்தின பதினைந்து நாள். நாங்கள் எங்கள் காலண்டரைப் பார்த்தோம், பெரியவர் ஏரியைப் பார்த்தார். அக்டோபர் விடுமுறையில் ஆள் வந்தே தீருவார்கள் என்றால் நடை கூட்டிப்போங்கள், பிளாஸ்டிக் பொறுக்கச் சொல்லுங்கள், கிழிந்துபோய்க் கிடக்கும் மீன்வலையை எடுக்கச் சொல்லுங்கள். கத்தியை மட்டும் கொடுக்காதீர்கள்.

கோயில் காட்டைப் பெருக்குவது

ஐயனார் கோயில் காட்டில் தொண்டு செய்யப் போகிறவர்கள் முதலில் துடைப்பத்தைத்தான் எடுக்கிறார்கள். கோயில் வாசலைப் பெருக்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. காட்டுக்குள் கிடக்கும் சருகைத் தொடாதீர்கள். நம் கரையோரத்தில் மிச்சம் இருக்கும் பசுமைமாறா வறண்ட காடு அந்தச் சருகில்தான் ஈரம் காத்து முளைக்கிறது. கீழ்ப்புத்துப்பட்டு மாதிரியான இடங்களில் அது நின்றிருப்பதே, 'ஐயனார் காட்டில் சுள்ளிகூட ஒடிக்கக்கூடாது' என்கிற பயத்தால்தான்.

ஒருமுறை எங்கள் ஆட்கள் 'களை' என்று ஒரு கூடை நிறையப் பிடுங்கிவந்து காட்டினார்கள். கொட்டிப் பார்த்தால் பாதி அந்தக் காட்டின் மரங்களான வீரையும் காசாவும். அவை கையகலம் வளரவே வருஷம் பிடிக்கும் கன்றுகள். அன்றிலிருந்து ஒரு விதி வைத்திருக்கிறோம்: பெயர் தெரியாததைப் பிடுங்கக்கூடாது. உண்ணிச்செடியையும் பார்த்தீனியத்தையும் மட்டும் எல்லோருக்கும் காட்டிக்கொடுத்து, அவ்விரண்டோடு நிறுத்திக்கொள்கிறோம். கொடிகளை 'மரத்தை நெரிக்கிறது' என்று அறுப்பதும் வேண்டாம். அந்தக் காட்டில் கொடியும் காடுதான்.

ஒரே அலுவலகத்தில் சொல்லிவிட்டுப் போவது

ஊசுட்டேரியில் ஏறக்குறைய பாதி புதுச்சேரி, மீதி தமிழ்நாடு. புதுச்சேரிப் பக்கம் 2008-லேயே பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. கரையில் நடந்துகொண்டே எல்லை தாண்டிவிடலாம், காலுக்குத் தெரியாது. எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கத்து வனத்துறையிடம் முன்கூட்டியே கேளுங்கள். இரண்டு பக்கமும் என்றால் இரண்டு இடத்திலும். சாதாரண ஊர் ஏரி என்றால் மீன் குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் மனசு வைத்தால் எந்தப் பறவை எங்கே அடைகிறது என்று அவரே காட்டுவார்.

கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப் குழுவில் போடுவது

வேண்டாம். ஆள்காட்டிக் குருவி வெட்டவெளியில் தரையிலேயே முட்டையிடும். மண்நிறத்தில் நாலு முட்டை. அது தலைக்குமேல் கத்தினால் நீங்கள் நிற்கிற இடம் தப்பு என்று அர்த்தம். வந்த தடத்திலேயே திரும்புங்கள்.

ஏரிக்குள் மரக்கன்று நடுவது

உள்ளான், உப்புக்கொத்தி மாதிரியான கரையோரப் பறவைகளுக்குச் சேறுதான் வேண்டும், நிழல் வேண்டாம்.

ஆமை நடைக்கு வெள்ளை டார்ச்

பங்குனி ஆமை என்கிற கடலாமை முட்டையிடக் கரையேறுகிற தை முதல் பங்குனி வரை இந்தப் பேச்சு வரும். வெளிச்சத்தைப் பார்த்தால் தாய் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடலாம்; குஞ்சு கடலை விட்டு ஊரைப் பார்த்து நடக்கும். சிவப்புக் காகிதம் சுற்றிய டார்ச் ஒன்று, அதுவும் கூட்டிப்போகிறவர் கையில் மட்டும். முட்டையை எடுப்பதும் புதைப்பதும் வனத்துறை பொறுப்பு.

பிச்சாவரத்தில் இலையைக் கிள்ளுவது

சுரபுன்னைக்கு நடுவில் தில்லை மரமும் நிற்கும். அதன் பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான்.

அந்தக் குவியல்

பையனுக்கு அன்றிரவே போன் செய்தேன். "சுத்தம் பண்ணது தப்பா அக்கா?" என்று கேட்டான், குரல் இறங்கிவிட்டது. இல்லடா, பாதியில் நிறுத்தினதுதான் தப்பு என்றேன். மறுநாள் ஒரு குட்டி யானை வண்டி வாடகைக்குப் பிடித்து, ஆறு பேர் சேர்ந்து நாலு நடையில் மொத்தத்தையும் மேட்டுக்கு ஏற்றினார்கள். சிதறிக் கிடந்த சின்னத் துண்டெல்லாம் பொறுக்கினோம் என்கிறான். எல்லாவற்றையும் பொறுக்கியிருக்க முடியாது. தையில் தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் இரண்டு பேரும் போய்க் கரையைச் சுற்றி வருவதாகப் பேச்சு. சேறாகத்தான் இருக்கும், கையே போதும் என்கிறான். நான் கடப்பாரையையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.