சர்க்யூட் படத்திலிருந்து போர்டுக்கு: வாக்கி டாக்கி பழுதுபார்ப்பின் முதல் பாடம்

சர்வீஸ் மேனுவலை முதன்முதலாகத் திறப்பவர்கள் சர்க்யூட் படத்தைப் பார்த்ததுமே மிரண்டுபோகிறார்கள். முழுப் படத்தையும் படிக்க வேண்டியதில்லை. பழுதுக்குரிய ஒரே ஒரு கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தால் போதும்.

ஒரு பழுதை எடுத்துக்கொள்வோம். மறுமுனையின் பேச்சு நன்றாகக் கேட்கிறது. பேசும் பொத்தானை அழுத்தினால் அலை வெளியே போவதில்லை.

1. முதலில் பிளாக் வரைபடம், அதாவது கருவியின் பகுதிகளைப் பெட்டிகளாகக் காட்டும் படம். பேச்சு கேட்பதால் மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் பிரதான ரெகுலேட்டர் பெரும்பாலும் குற்றமற்றது. பேட்டரியை அப்படிச் சொல்லிவிட முடியாது; பலவீனமான பேட்டரி அனுப்பும்போது மட்டும் சரியலாம். வி.சி.ஓ.வையும் (மின்னழுத்தத்தால் அதிர்வெண்ணை மாற்றி அலையை உருவாக்கும் பகுதி) அவசரப்பட்டு விடுவிக்காதீர்கள். அனுப்புவதற்கென்று தனி வி.சி.ஓ. வைத்த கருவிகள் உண்டு.

2. இப்போது சர்க்யூட் படம். சிக்னல் போகும் பாதையை விட்டுவிட்டு மின்னழுத்தக் கோடுகளைத் தேடுங்கள். பல கருவிகளில் 5 வோல்ட் மூன்றாகப் பிரியும்: எப்போதும் இருப்பது, கேட்கும்போது மட்டும் வருவது, அனுப்பும்போது மட்டும் வருவது. நமக்கு மூன்றாவதுதான் வேண்டும். கோடுகள் குறுக்கிடும் இடத்தில் புள்ளி இல்லையென்றால் இணைப்பும் இல்லை. ஒரே பெயர் இரு பக்கங்களில் இருந்தால், நடுவில் கோடே இல்லாவிட்டாலும் இரண்டும் ஒரே கம்பிதான்.

அந்தக் கோட்டைப் பின்னோக்கித் தொடர்ந்தால் பெரும்பாலும் சுவிட்ச்போல் வேலை செய்யும் ஒரு பி.என்.பி. வகை டிரான்சிஸ்டரில் போய் நிற்கும். எமிட்டர், பேஸ், கலெக்டர் என்று அதற்கு மூன்று கால்கள். அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்து கியூ என்றால் டிரான்சிஸ்டர், ஆர் ரெசிஸ்டர், சி கபாசிட்டர், எல் காயில்.

3. அதே எண்ணை, உதிரிகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் போர்டு படத்தில் தேடுங்கள். தடுக்கி விழும் இடம் இதுதான். போர்டுக்கு இரண்டு பக்கம். சில படங்களில் அடிப்பக்கம் மேலிருந்து ஊடுருவிப் பார்ப்பதுபோல் இடவலம் மாறி இருக்கும். அது தெரியாமல் ஒரு மணி நேரம் தவறான டிரான்சிஸ்டரைக் குடைந்துகொண்டிருந்த ஆள் நான். முதலில் பெரிய ஐ.சி. ஒன்றைக் கண்டுபிடித்து, அதன் முதல் காலை (பின்) காட்டும் புள்ளி படத்திலும் போர்டிலும் ஒரே மூலையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

4. இனி அளவெடுப்பு. ஆன்டெனாவுக்குப் பதில், கருவியின் திறனைத் தாங்கக்கூடிய 50 ஓம் டம்மி லோடை (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் ரெசிஸ்டர்) பொருத்துங்கள். இல்லாவிட்டால் பவர் டிரான்சிஸ்டருக்கு ஆபத்து. மீட்டரின் கறுப்பு முனை கிரவுண்டில். குறைந்த பவரில் பொத்தானை அழுத்துங்கள். அனுப்பும் அலை டிஜிட்டல் மீட்டரை உளறவைக்கும், ஆகவே பவர் பகுதிக்கு அருகே காட்டும் எண்ணை அப்படியே நம்ப வேண்டாம்.

எமிட்டரில் 5 வோல்ட் இருந்து, கலெக்டர் எழவில்லையா? பேஸைப் பாருங்கள். சாதாரண வகையில் அது எமிட்டரைவிட ஏறத்தாழ 0.7 வோல்ட் இறங்க வேண்டும். உள்ளேயே ரெசிஸ்டர் பொதிந்த வகையென்றால் இன்னும் கீழே போகும். இறங்கியும் கலெக்டர் சும்மா இருந்தால், அந்தக் கோடு கிரவுண்டோடு ஷார்ட் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு டிரான்சிஸ்டரை மாற்றுங்கள். இறங்கவே இல்லையென்றால் அது பெரும்பாலும் நிரபராதி. பேஸிலிருந்து பொத்தான்வரை அதே முறையில் பின்னோக்கி நடங்கள். கலெக்டரில் 5 வோல்ட் சரியாக வந்துவிட்டதா? இந்தக் கோட்டை விட்டுவிட்டு வி.சி.ஓ.வுக்குப் போகலாம்.