பால் பைத்தான் சட்டை சரியாக உரிக்கவில்லையா? கண்ணில் கை வைக்கும் முன் இதைச் செய்யுங்கள்

பால் பைத்தான் (ball python) என்ற வெளிநாட்டு மலைப்பாம்பு சட்டை உரித்து முடித்த பிறகும் ஒரு கண் மட்டும் மங்கலாகவே இருந்தால், புதிதாக வளர்ப்பவர்களுக்குக் கை பரபரக்கும். இடுக்கியால் எடுத்துவிடலாமா, டேப் ஒட்டி இழுக்கலாமா என்று தோன்றும். தயவுசெய்து இரண்டுமே வேண்டாம். பெரும்பாலும் சரிசெய்ய வேண்டியது கூண்டின் ஈரப்பதத்தைத்தான். அதைச் சரியாக்கிவிட்டால் மீதி வேலையைப் பாம்பே பார்த்துக்கொள்ளும்.

பாம்புக்கு இமை கிடையாது. இமைக்குப் பதிலாகக் கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் இருக்கிறது. இதுவும் தோலின் ஒரு பகுதிதான். ஒவ்வொரு முறையும் இதன் மேலடுக்கு சட்டையோடு சேர்ந்து கழன்று வர வேண்டும். வராமல் தங்கிவிட்ட பழைய அடுக்குக்குக் கீழே உயிருள்ள புதிய செதில் இருக்கிறது, அதற்கும் கீழே கண். பழையதை இழுக்கும்போது புதியதும் கிழிந்தால், உள்ளே இருக்கும் கண்ணீர் வடிந்து விழி காய்ந்துவிடும். கண்ணே போய்விடலாம்.

படி 1: உண்மையிலேயே தங்கியிருக்கிறதா என்று பாருங்கள்

உரித்த சட்டையைத் தூக்கிப் போடாதீர்கள். காலுறையை உட்புறம் வெளியே வரக் கழற்றியது போல அது தலைகீழாகப் புரண்டு கிடக்கும். தலைப் பகுதியை மெதுவாக விரித்து வெளிச்சத்தில் பிடியுங்கள். இரண்டு கண் இருந்த இடத்திலும் வட்டமான, லேசாகக் குழிந்த, தெளிவான சவ்வு தெரிய வேண்டும். அங்கே ஓட்டை இருந்தால் அந்தப் பக்கச் செதில் பாம்பின் கண்ணிலேயே ஒட்டியிருக்கிறது என்று அர்த்தம். சட்டை துண்டு துண்டாக வந்திருந்தால் பாம்பின் கண்ணைப் பாருங்கள். சிறு டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிலிருந்து காட்டி இரண்டு கண்ணையும் ஒப்பிடுங்கள். தங்கிய செதில் சாம்பல் நிறமாகவும் சுருக்கத்தோடும் இருக்கும். சில சமயம் விளிம்பு தூக்கிக்கொண்டு நிற்கும்.

இரண்டு கண்ணும் ஒரே மாதிரி நீலம் பாய்ந்த பால் நிறத்தில் இருந்து, சட்டை இன்னும் உரிக்கவில்லை என்றால் அது நோய் இல்லை. பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவே திரவம் சேர்வதால் அப்படித் தெரிகிறது. சில நாளில் கண் தெளியும், அதற்கடுத்த சில நாளில் சட்டை உரியும். அதுவரை கையில் எடுக்காதீர்கள். கண் சரியாகத் தெரியாததால் பயந்துபோய் இருக்கும், சாப்பாட்டையும் மறுக்கலாம். அது சகஜம்.

படி 2: ஈரப்பதத்தை அளந்து சரிசெய்யுங்கள்

டிஜிட்டல் ஈரப்பத மீட்டர் ஒன்று வாங்கிக் கூண்டுக்குள் வையுங்கள். முள் வைத்த மலிவான மீட்டரை நம்ப வேண்டாம். பால் பைத்தானுக்குச் சாதாரண நாளில் 55 முதல் 65 சதவீதம் வரை வேண்டும், சட்டை உரிக்கும் காலத்தில் 70 சதவீதத்தை ஒட்டி. வெளியே எவ்வளவு புழுக்கம் இருந்தாலும் ஏசி ஓடும் அறையில் காற்று வறண்டுவிடும். குளிர்நாடுகளில் ஹீட்டர் ஓடும் மாதங்களும் அப்படித்தான். கம்பி வலை மூடி இருந்தால் பாதிக்கு மேல் மறைத்துவிடுங்கள், ஆனால் விளக்குக்கு அருகே துணியோ பிளாஸ்டிக்கோ வேண்டாம். தரையில் தேங்காய் நார்த்தூள் போட்டு, தண்ணீரை ஓரங்களில் ஊற்றுங்கள். மேல்பகுதி நசநசவென்று இருக்கக்கூடாது, வயிற்றுச் செதில் புண்ணாகும்.

அப்புறம் ஓர் ஈரப் பெட்டி. மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு, விளிம்பைத் தேய்த்து மழுக்குங்கள். உள்ளே ஸ்பாக்னம் பாசியை நனைத்து, நன்றாகப் பிழிந்து போட்டு, கூண்டின் கதகதப்பான பக்கத்தில் வையுங்கள். எத்தனையோ வழிகள் சொல்வார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பெட்டிக்கு மிஞ்சியது இல்லை. எப்போது உள்ளே போவது, எப்போது வருவது என்பதைப் பாம்பே தீர்மானிக்கிறது.

படி 3: உடம்பில் ஒட்டியிருக்கும் தோலுக்கு

28 முதல் 30 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் 15, 20 நிமிடம் விடுங்கள். நீர் பாம்பின் பாதி உயரத்துக்கு இருந்தால் போதும். கூடவே இருங்கள், விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிறகு ஈரத் துண்டைத் தளர்வாகப் பிடித்து, அதன் வழியே பாம்பைத் தானாக ஊர்ந்து போக விட்டால் தோல் கழன்றுவிடும். வால் நுனியைக் கட்டாயம் பாருங்கள். அங்கே வளையமாகத் தங்கும் தோல் காய்ந்து இறுகினால் ரத்த ஓட்டம் நின்று நுனி அழுகிவிடும். எண்ணெய், லோஷன் எதுவும் தடவ வேண்டாம்.

படி 4: கண்ணுக்கு

ஈரப் பெட்டியில் சில நாள் இருக்கட்டும். பெரும்பாலும் தானே விழும், இல்லையென்றால் அடுத்த சட்டையோடு வந்துவிடும். ஒரே ஓர் அடுக்கு என்றால் அதுவரை காத்திருக்கலாம், அவசரமே இல்லை. இரண்டு முறையும் வராமல் அடுக்கடுக்காகச் சேர்ந்தால் மருத்துவரிடம்தான் எடுக்க வேண்டும்.

ஈரப்பதம் சரியாக இருந்தும் திரும்பத் திரும்ப இதே தொல்லை என்றால் உண்ணியைத் தேடுங்கள். கண்ணின் விளிம்பிலும் தாடைக்கு அடியிலும் மிளகுத்தூள் அளவில் கரும்புள்ளிகளாக ஊரும். ஈரமான வெள்ளை டிஷ்யூவால் உடம்பைத் துடைத்தாலும், தண்ணீர்க் கிண்ணத்தின் அடியைப் பார்த்தாலும் தெரிந்துவிடும். வீட்டுப் பூச்சிமருந்தை அடித்துவிடாதீர்கள், பாம்புக்கும் அது விஷம்.

உடனே மருத்துவரிடம் போக வேண்டியவை

ஒரு கண் மட்டும் புடைத்திருப்பது, செதிலுக்கு அடியில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீழ் தெரிவது, கண்ணில் ரத்தம், வாயில் வீக்கம் அல்லது சளி போன்ற கசிவு. கண்ணிலிருந்து வாய்க்குக் கண்ணீர் வடியும் குழாய் ஒன்று இருக்கிறது. வாயில் வரும் தொற்று அதன் வழியே மேலேறிக் கண்ணுக்கு அடியில் சீழ் பிடிக்கலாம். அதை வீட்டில் எதுவும் செய்ய முடியாது.

ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரா என்று முதலில் போனில் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தியாவில் இருந்தால் பதிவுச் சான்றும் கையில் இருக்கட்டும். பால் பைத்தான் போன்ற வெளிநாட்டு இனங்களைப் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்ப்பதற்கோ 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. பாம்பைப் பருத்தித் தலையணை உறையில் விட்டு, உறையின் வாயைக் கட்டி, காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போங்கள். கடைசியாக உரித்த சட்டை, கூண்டின் வெப்பம், ஈரப்பதம் பற்றிய குறிப்பு, கடைசியாக இரை எடுத்த தேதி ஆகியவையும் கூடவே போகட்டும். மருத்துவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.