சபையின் ஒழுக்க விதிகளில் மனம் ஒவ்வாதபோது எப்படிப் பேசுவது

ஒரு சனிக்கிழமை மாலை, பாடற்குழுவின் பயிற்சி தொடங்குவதற்குச் சற்று முன்னர், பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தியைத் தனியே அழைத்து, "நாளை ஆராதனையில் நீ முன்னால் நின்று பாட வேண்டாம்" என்று சொல்லும் பொறுப்பு என்னிடம் வந்தது. நுனி பிளந்திருந்த தலைமுடியை அவள் நான்கு விரற்கடை அளவுக்கு வெட்டியிருந்தாள். அப்போது நான் அந்தப் பெந்தெகொஸ்தே சபையின் மூப்பர்களுள் ஒருவனாக இருந்தேன். கையிலிருந்த பாட்டுத்தாளை நாலாக மடித்துக்கொண்டே அவள் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "அங்கிள், இது தேவன் சொன்னதா, சபை சொன்னதா?" இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அந்தப் பதில் தவறு என்பதை உணர எனக்குப் பல ஆண்டுகள் பிடித்தன.

நகை, தலைமுடி, உடை, ஒப்பனை, தொலைக்காட்சி, திரைப்படம், மோதிரம் ஆகியவற்றைப் பற்றிய விதிகளால் கண்டிப்பான பெந்தெகொஸ்தே சபைகளில் எழும் பிணக்குகளில் பெரும்பாலானவை அந்தப் பெண்ணின் கேள்விக்கு நேர்மையான பதில் கிடைக்காததால்தான் முற்றுகின்றன. விதியை ஏற்க முடியாமல் தவிப்பவர், அவருடைய வீட்டார், விதியைக் காக்கும் ஊழியர் ஆகிய மூவரையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

விதி எந்த வகையைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள்

பொய் சொல்லாதே, விபசாரம் செய்யாதே என்பவை வேதம் நேரடியாகக் கட்டளையிடுபவை. அடக்கமாக உடுத்த வேண்டும் என்பதும் வேதத்தில் உள்ளதே. ஆனால் அடக்கம் என்றால் கை எதுவரை மூடியிருக்க வேண்டும் என்பது, அந்தக் கட்டளையைக் குறிப்பிட்ட காலத்தில் குறிப்பிட்ட மக்கள் தமக்குப் பொருத்திக்கொண்ட விதம். மூன்றாவதாக, சபையார் தமக்குள் ஒப்புக்கொண்ட ஒழுங்குகள் உண்டு. மேடையில் நிற்பவர் இப்படி இருக்க வேண்டும், அங்கத்தினராகச் சேர்பவர் இதற்குக் கையெழுத்திட வேண்டும் என்பவை அவை. மூன்றாம் வகை விதியை முதல் வகையின் குரலில் பேசும்போதுதான் ஒருவருடைய இரட்சிப்பே கேள்விக்குள்ளாகிறது, பேச்சும் அத்துடன் முறிந்துபோகிறது.

வகை பிரிப்பதற்கு வசனத்தைப் பொறுமையாக வாசிக்க வேண்டும். நகைக்கு எதிராக அடிக்கடி காட்டப்படும் 1 பேதுரு 3:3, மயிரைப் பின்னுவதையும் பொன்னாபரணம் அணிவதையும் உயர்ந்த வஸ்திரம் உடுத்துவதையும் ஒரே வரிசையில் வைக்கிறது. "உயர்ந்த" என்ற அடைமொழி கிரேக்க மூலத்தில் இல்லை; அங்கே இருப்பது ஆடை உடுத்துதல் என்பது மட்டுமே. முழுத் தடை என்று கொண்டால் பின்னலும் ஆடையும்கூடத் தடையாகிவிடும் என்பதால், புற அலங்காரத்தை நம்பி வாழாதிருக்கச் சொல்கிறது என்று பலர் இதைப் பொருள்கொள்கிறார்கள். கண்டிப்பை விரும்புவோரின் பக்கமும் வெறுமையானதன்று. யாக்கோபின் வீட்டார் பெத்தேலுக்குப் புறப்படுமுன் தங்கள் காதணிகளைக் கழற்றிக் கொடுத்ததும் (ஆதியாகமம் 35:4), இஸ்ரவேலர் ஓரேபில் தங்கள் ஆபரணங்களைக் கழற்றிப்போட்டதும் (யாத்திராகமம் 33:6) வேதத்தில் உள்ளவையே. அதே வேதத்தில்தான் திரும்பி வந்த இளைய மகனின் கையில் தகப்பன் மோதிரம் போடச் சொல்லுகிறான் (லூக்கா 15:22).

நீண்ட தலைமுடி பெண்ணுக்கு மகிமை என்னும் 1 கொரிந்தியர் 11:15-ஐ, ஒருபோதும் வெட்டாமல் விடுவது என்று சிலரும், பெண்ணுக்குரிய நீளத்தில் வளர்ப்பது என்று சிலரும் வாசிக்கிறார்கள். புருஷரின் உடையைப் பெண் அணியக் கூடாது என்னும் உபாகமம் 22:5-ஐ எடுத்துக்காட்டுபவரிடம், அதே அதிகாரத்தின் 11-ஆம் வசனம் ஆட்டுமயிரும் பஞ்சுநூலும் கலந்த ஆடையைத் தடுப்பதை எப்படிக் கொள்கிறோம் என்று பணிவாகக் கேட்கலாம். மடக்குவதற்காகக் கேட்டால் பயனில்லை. எந்த அளவுகோலால் ஒன்றைக் கைக்கொண்டு இன்னொன்றை விடுகிறோம் என்பதைச் சேர்ந்து கண்டறிவதற்காகவே கேட்க வேண்டும்.

இந்த மூன்று வகைகளையும் எனக்குத் தெளிவாக்கியது எரேமியா 35-ஆம் அதிகாரம். ரேகாபியர் தங்கள் தகப்பனாகிய யோனதாப் சொன்னபடி திராட்சரசம் குடிக்காமலும் வீடு கட்டாமல் கூடாரங்களிலும் வாழ்ந்தார்கள். அவர்களுடைய கீழ்ப்படிதலைக் கர்த்தர் மெச்சினார், அவர்களுக்கு வாக்குத்தத்தமும் கொடுத்தார். ஆனால் இஸ்ரவேலர் எல்லாரும் கூடாரத்தில் குடியிருக்க வேண்டும் என்று கட்டளையிடவில்லை. ஒரு குடும்பம் உண்மையாய்க் காத்த ஒழுங்கு மற்றவர்களுக்குச் சட்டமாகாமலே கனம் பெற முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

விதியின் வரலாற்றைத் தெரிந்துகொள்ளுங்கள்

1743-இல் மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி தம் சங்கங்களுக்கு வகுத்த பொது விதிகளிலேயே, பொன் அணிவதும் விலையுயர்ந்த ஆடை உடுத்துவதும் தவிர்க்க வேண்டியவற்றுள் இடம்பெற்றன. அலங்காரத்தில் செலவாகும் பணம் ஏழைக்குச் சேர வேண்டியது என்று அவர் வலியுறுத்தினார். விசுவாசியின் வாழ்வு முழுவதும் பரிசுத்தமாக வேண்டும் என்று வலியுறுத்திய 19-ஆம் நூற்றாண்டின் பரிசுத்த இயக்கம் அந்த எளிமையை ஏற்றுக்கொண்டது. 1906-இல் லாஸ் ஏஞ்சலஸின் அசூசா தெருவில், பெந்தெகொஸ்தே இயக்கம் பரவக் காரணமான எழுப்புதல் கூட்டங்களை நடத்திய வில்லியம் செய்மோர் அந்த இயக்கத்திலிருந்து வந்தவரே. பெந்தெகொஸ்தே சபைகளின் ஒழுக்க விதிகளில் பல இவ்வழியாக வந்தவை.

வந்த விதிகள் எல்லா இடத்திலும் வந்தபடியே நிற்கவுமில்லை. 1914-இல் உருவான அசெம்பிளீஸ் ஆஃப் காட் என்னும் பெந்தெகொஸ்தே சபைப் பிரிவு, 1917-இல் தன் மக்கள் ஆயுதமேந்திப் போரிடுவதை ஏற்க முடியாது என்று அறிவித்தது. 1967-இல் அதை அவரவர் மனச்சாட்சிக்கு விட்டுவிட்டது. 1945-இல் இரண்டு சபைகள் இணைந்து உருவான ஐக்கிய பெந்தெகொஸ்தே சபை, 2007-இல் ஊழியர்கள் தொலைக்காட்சியில் விளம்பரம் செய்ய இடங்கொடுத்தபோது, அதை ஏற்க மனமில்லாத ஊழியர்கள் பலர் விலகிச் சென்று தனி ஐக்கியம் அமைத்தார்கள்.

மாற்றம் கேட்பவர் இந்த வரலாற்றிலிருந்து இரண்டைக் கவனிக்க வேண்டும். விதிகள் மாறக்கூடியவை என்பது ஒன்று. அவை மாறியது பொதுக்கூட்டத்தில், வெளிப்படையாக, விலை கொடுத்து என்பது மற்றொன்று. அந்த விலையைக் கொடுப்பவர்களில் முதியவர்களை மறந்துவிடக் கூடாது. ஞானஸ்நானம் எடுத்த நாளில், தாய் கொடுத்த காதணியைக் கழற்றி வைத்துவிட்டு, உறவினரின் ஏச்சுக்கிடையே நாற்பது ஆண்டுகளாகக் காது வெறுமையாய் நடந்துவந்த ஒரு தாயாரிடம் போய், அது தேவையற்றது என்று எடுத்த எடுப்பில் சொல்வது கொடுமை. அவருக்கு அது சட்டமன்று. தம் ஆண்டவருக்குக் கொடுத்த காணிக்கை. அந்தக் காணிக்கையைக் கனப்படுத்திவிட்டு உங்கள் கேள்வியைக் கேளுங்கள்.

பேசப் போகும்போது

விதி எழுத்தில் இருக்கிறதா என்று முதலில் கேட்டு வாங்கி வாசியுங்கள். சேர்ந்தபோது நீங்கள் எதற்குக் கையெழுத்திட்டீர்கள் என்று பாருங்கள். பாடற்குழுவினருக்கு மட்டும் எழுதப்பட்ட ஒழுங்கு காலப்போக்கில் எல்லா விசுவாசிகளுக்கும் உரியதாகப் பேசப்படுவதையும், எங்குமே எழுதப்படாத ஒன்று பழைய போதகரின் விருப்பமாக இருந்து உபதேசமாக வளர்ந்திருப்பதையும் நான் கண்டிருக்கிறேன்.

மத்தேயு 18:15 காட்டும் வழியில் போதகரைத் தனியே சந்தியுங்கள். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும் நேரத்தில் ஆரம்பிக்காமல், வாரநாளில் நேரம் கேட்டுச் செல்லுங்கள். ஒரே ஒரு பொருளைப் பேசுங்கள். நகையைப் பற்றிப் பேசப்போய்க் கணக்கு வழக்கையும் பழைய மனத்தாங்கலையும் சேர்த்தால் மூன்றும் கெடும். "பாஸ்டர், எதிர்த்துப் பேச வரவில்லை, இதில் என் மனச்சாட்சி தெளியவில்லை, உங்களிடம் கேட்க வந்தேன்" என்று தொடங்கலாம். பிறகு கேட்க வேண்டியது இது: இந்த ஒழுங்கு இரட்சிப்புக்குரியதா, அங்கத்துவத்துக்குரியதா, ஊழியப் பொறுப்புக்குரியதா? இதற்குத் தெளிவான விடை கிடைத்தாலே பாதிப் பிணக்கு அடங்கிவிடும். ஊழியப் பொறுப்புக்கு மட்டும் என்று அவர் சொன்னால், ஏற்க முடிந்தால் ஏற்றுப் பொறுப்பில் இருக்கலாம், முடியாவிட்டால் பொறுப்பை விட்டு விசுவாசியாகத் தொடரலாம், இரண்டுமே அவமானமன்று.

அடுத்த சபையில் அனுமதிக்கிறார்களே என்ற வாதத்தைத் தவிர்த்துவிடுங்கள். அது எந்தப் போதகரையும் இளக்கியதில்லை.

சபை வாசலுக்கு நூறடி முன்பே காதணியைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொள்வதும், ஆராதனை முடிந்ததும் திரும்ப மாட்டிக்கொள்வதும் பலருக்குப் பழகிப்போன வழி. இதைச் செய்பவரைக் குற்றப்படுத்த எனக்கு மனம் வரவில்லை, பயத்தினால் செய்கிறார்கள். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. நகையைவிட அந்த ஒளிவுமறைவுதான் பிள்ளையின் விசுவாசத்தை அதிகமாய் அரிக்கிறது. தற்காலிகமாக விதிக்கு உட்படுவதென்றால் அதை வெளிப்படையாகச் சொல்லி உட்படுங்கள்: "எனக்கு இதில் சம்மதமில்லை, பேசிக்கொண்டிருக்கிறோம், அதுவரை ஒழுங்கைக் காக்கிறேன்" என்று சொல்லலாம். இடறல் வரக் கூடாது என்பதற்காகப் பவுல் தீமோத்தேயுவுக்கு விருத்தசேதனம் செய்வித்தார். அதையே இரட்சிப்புக்கு அவசியம் என்று சிலர் வற்புறுத்தியபோது கிரேக்கனான தீத்துவுக்கு விருத்தசேதனம் செய்விக்க ஒரு நாழிகையும் இணங்கவில்லை.

வீட்டுக்குள் கணவருக்கும் மனைவிக்கும் இதில் இரண்டு மனம் இருந்தால், ரோமர் 14:3-ஐ இருவரும் ஒன்றாய் வாசிப்பது நலம். புசிக்கிறவன் புசியாதவனை அற்பமாய் எண்ணக் கூடாது, புசியாதவன் புசிக்கிறவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக் கூடாது என்று இரு தரப்புக்கும் அங்கே கட்டளை உண்டு. பதின்பருவப் பிள்ளைகளிடம் விதியை மட்டும் சொல்லாமல், அதை நீங்கள் ஏன் காக்கிறீர்கள் என்பதையும், அதில் உங்களுக்கே ஐயம் இருந்தால் அந்த ஐயத்தையும் சொல்லுங்கள்.

ஊழியருக்கும் மூப்பருக்கும்

தனி ஆளை மனத்தில் வைத்துப் பிரசங்கிக்காதீர்கள். சபை முழுவதும் யாரைச் சொல்கிறீர்கள் என்று அறிந்திருக்கும். அந்த ஒருவர் மறுவாரம் வரமாட்டார். புதிதாய் வந்தவரிடம் அவசரப்படவும் வேண்டாம். அப்போஸ்தலர் 15-இல் எருசலேமில் கூடியவர்கள், புறஜாதியாரிலிருந்து திரும்பியவர்கள்மேல் அவசியமானவற்றைத் தவிர வேறு பாரத்தைச் சுமத்தாமல், நான்கே காரியங்களை எழுதி அனுப்பினார்கள். தமக்குக் கர்த்தருடைய கட்டளை இல்லாத இடத்தில் அதை ஒளிக்காமல், தம் அபிப்பிராயம் என்று பவுல் குறித்துச் சொன்னதை (1 கொரிந்தியர் 7:25) மேடையிலும் பின்பற்றலாம்.

எழுதப்பட்ட விதிகளை எடுத்து, அவற்றில் எத்தனை பெண்களின் உடலைப் பற்றியவை, எத்தனை ஆண்களைப் பற்றியவை என்று ஒருமுறை எண்ணிப்பாருங்கள். நாங்கள் எண்ணியபோது வெட்கப்பட்டோம். மெல்லிய சங்கிலிக்கு ஒழுங்கு இருந்தது, விலையுயர்ந்த கைக்கடிகாரத்துக்கு இல்லை. தலைமுடியின் நீளத்துக்கு ஒழுங்கு இருந்தது, வீட்டில் மனைவியிடம் பேசும் பேச்சுக்கு இல்லை. எளிமைதான் நோக்கம் என்றால் அது எல்லார்மேலும் ஒரேபோல் விழ வேண்டும்.

நோயோ விபத்தோ வந்தவரிடம் அது விதியை மீறியதால் வந்தது என்று எவரும் சொல்ல இடங்கொடுக்காதீர்கள். அபிப்பிராய பேதத்தைக் காரணமாக்கித் திருவிருந்தைத் தடுக்காதீர்கள். தவறாகச் சொன்னதைத் திருத்தவும் தயங்க வேண்டாம். ஆறு ஆண்டுகள் கழித்து நான் அந்தப் பெண்ணைத் தேடிச் சென்று, "அது சபை சொன்னது, தேவன் சொன்னதாக நான் சொன்னது தவறு" என்றேன். அவள் வேறொரு சபையில் பாடிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அம்மாவிடமும் சொல்லுங்கள் அங்கிள், அவர்கள்தான் ரொம்ப அழுதார்கள்" என்றாள். அந்தத் தாயாரிடமும் சென்று சொன்னேன்.

பேச்சு பயன்படாத இடங்கள்

அடிப்பது, மிரட்டுவது, பாலியல் தொல்லை, பிள்ளைக்கு வேண்டிய மருத்துவத்தைத் தடுப்பது, வெளியேறியவரோடு சொந்த வீட்டாரையே பேசவிடாமல் செய்வது ஆகியவை ஒழுக்க விதி பற்றிய கருத்து வேறுபாடுகளே அல்ல. இவற்றில், முதலில் தனியே, பிறகு சாட்சிகளோடு, பிறகு சபையில் என்னும் மத்தேயு 18-இன் படிகளை ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. காவல்துறையிடமோ மருத்துவரிடமோ உடனே செல்லுங்கள், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மற்றபடி, பலமுறை பேசியும் இணக்கம் வராமல் விலகத் தீர்மானித்தால், சொல்லாமல் நின்றுவிடாதீர்கள். போதகரை நேரில் கண்டு, எந்த ஒழுங்கை ஏற்க முடியவில்லை என்பதை இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்லுங்கள். அங்கே பெற்ற நன்மைகளுக்கு நன்றியும் சொல்லுங்கள். உங்களோடு வரும்படி எவரையும் அழைக்காதீர்கள். கையில் இருக்கும் சாவி, கணக்குப் புத்தகம், ஒலிபெருக்கிச் சாமான்கள் ஆகியவற்றை ஒரு சாட்சியின் முன் ஒப்படையுங்கள். ஞாயிறு பள்ளி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தால், பிள்ளைகள் அதை வேறொருவர் வாயால் கேட்காதபடி, கடைசி வகுப்பில் நீங்களே அவர்களிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.