பூசணிக்கு மருந்து தெளிக்கும் நேரம்

பூசணியில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூப்பதாலும், அதன் மகரந்தம் காற்றில் பறக்க இயலாதபடி கனமாகவும் பிசுபிசுப்பாகவும் இருப்பதாலும், காய் பிடிப்பது பெரும்பாலும் தேனீக்களின் வருகையைப் பொறுத்தே அமைகிறது. விடியலில் விரியும் பூ நண்பகலுக்குள் வாடிவிடும். ஆகவே காலைத் தெளிப்பை அறவே தவிர்த்து, வேறு வழியில்லை என்றால் மட்டும், தேனீக்கள் கூடு திரும்பிய பின் மாலையில் தெளிக்க வேண்டும். வேப்பெண்ணெய்க் கரைசலுக்கும் இதுவே பொருந்தும். பிஞ்சு மஞ்சளாகி உதிர்வதைக் கண்டதும் நோயென்று எண்ணி மீண்டும் மருந்தடிப்போர் உண்டு. பல வேளைகளில் அது மகரந்தம் போதாத குறையே என்பதால், அந்தத் தெளிப்பு எஞ்சிய தேனீக்களையும் இழக்கச் செய்துவிடும். சுரைக்கும் புடலைக்கும் கணக்கு வேறு: அவை மாலையில் பூத்து அந்துப்பூச்சிகளையும் நம்பியிருப்பதால், மறுநாள் அப்பூக்கள் வாடிய பிறகு தெளிப்பதே தகும்.