கைப்பிள்ளை தூங்கி எழுந்ததும் வெட்டி வெட்டிக் குனிந்தால்

காரைக்குடிப் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இன்றும் தெருவில், “நர்சம்மா, பிள்ளை திடுக்குத் திடுக்குங்குது, உரம் எடுத்தும் கேக்கலை” என்று கூப்பிடுவார்கள். பிள்ளைக்கு ஒரு வயது ஆகவில்லை என்றால் முதலில் கேட்பது இதைத்தான்: ஒருமுறையோடு நிற்கிறதா, வரிசையாக வருகிறதா?

சத்தத்துக்குத் திடுக்கிட்டால் ஒருமுறையோடு போய்விடும். இது அப்படி இல்லை. தூங்கி எழும் நேரத்தில் தலை குனியும், கைகள் விரியும், கால் மடங்கும். ஓரிரு நொடிதான். சில நொடி விட்டு மறுபடி, மறுபடி. கும்பிடு போடுவது போல இருக்கும். சில பிள்ளைகள் பின்பக்கமாக விறைக்கும். சிலவற்றுக்குத் தலை மட்டும் அசையும். காய்ச்சல் இருக்காது, நுரை தள்ளாது. வலிப்பு என்றே யாருக்கும் தோன்றாது. ஆனால் இதுவும் ஒரு வகை வலிப்புதான். இதன் பெயர் இன்ஃபன்டைல் ஸ்பாசம். 1841இல் வெஸ்ட் என்ற ஆங்கிலேய மருத்துவர் தன் மகனிடம் கண்டதை எழுதியதால் வெஸ்ட் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் 3 முதல் 12 மாதத்துக்குள் தொடங்கும். சிரித்த பிள்ளை சிரிக்காமலும், கவிழ்ந்த பிள்ளை கவிழாமலும் போனால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

உடனே செய்ய வேண்டியது வீடியோ. தூளிக்குள் கிடந்தால் கைகால் தெரியாது. எழுகிற நேரம் பார்த்து, முற்றத்து வெளிச்சம் விழும் இடத்தில் விரிப்பில் மல்லாக்கப் போடுங்கள். போர்வையை விலக்குங்கள். முகமும் கைகாலும் ஒரே படத்தில் வரட்டும். ஒன்றோடு நிறுத்தாமல் வரிசை முடியும்வரை எடுங்கள். பிடித்து அமுக்க வேண்டாம், வாயில் எதையும் வைக்க வேண்டாம். அந்த வீடியோவை மலேசியாவில் இருக்கும் மச்சானுக்கு அனுப்பிப் பதிலுக்குக் காத்திருப்பது நம் ஊர் வழக்கம். அது டாக்டருக்குத்தான் போக வேண்டும், அதுவும் ஓரிரு நாளுக்குள். வேர் கட்டுவது, சூடு போடுவது எல்லாம் நாளைக் கடத்தும் வேலை. சூடு புண்ணாகவும் ஆகும். வலிப்பு 5 நிமிடம் தாண்டினாலோ மூச்சு திணறினாலோ 108ஐக் கூப்பிடுங்கள்.

குழந்தை நரம்பியல் டாக்டர் இருக்கும் இடமாகப் பாருங்கள். நமக்கு மதுரைதான் வழி. அங்கே தலையில் வயர் ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுப்பார்கள். தூக்கத்திலும் பதிவாக வேண்டும், அதனால் வழியெல்லாம் தூங்க விட்டுவிடாதீர்கள். அந்த அலைகள் ஒழுங்கின்றிக் குழம்பிக் கிடப்பது அதில் தெரியும். எம்ஆர்ஐ என்ற மூளை ஸ்கேனும் கேட்பார்கள்.

காரணம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும். பிறக்கும்போது மூச்சு முட்டியது, பிறந்த சில நாளில் ரத்தச் சர்க்கரை விழுந்தது, மூளைக்காய்ச்சல், மூளையின் அமைப்புக் குறை, மரபணுக் கோளாறு, டவுன் சிண்ட்ரோம் என்று பல. எல்லாம் பார்த்தும் காரணம் தெரியாத பிள்ளைகளும் உண்டு. டிஸ்சார்ஜ் சீட்டைக் கட்டாயம் கொண்டு போங்கள். சொந்தத்தில் கட்டியதா என்று கேட்டால் கோபப்படாமல் சொல்லுங்கள். உடம்பில் இலை வடிவில் வெளிறிய திட்டு இருந்தால் தேமல் என்று விட்டுவிடாமல் காட்டுங்கள். ட்யூபரஸ் ஸ்க்லிரோசிஸ் என்ற நோயின் அடையாளமாக இருக்கலாம். தடுப்பூசியைப் பழி சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஊசி போடும் வயதும் இது தொடங்கும் வயதும் ஒன்றாக அமைந்துவிடுகிறது, அவ்வளவுதான்.

மருந்து மூன்று வகை: ஏசிடிஎச் என்ற ஹார்மோன் ஊசி, வாய்வழி கொடுக்கும் ஸ்டீராய்டான ப்ரெட்னிசலோன், விகாபாட்ரின் என்ற வலிப்பு மருந்து. ட்யூபரஸ் ஸ்க்லிரோசிஸ் என்றால் விகாபாட்ரின்தான் முதலில். அது பக்கப் பார்வையைக் குறைக்கக்கூடும், கண் பரிசோதனை பற்றிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் பலன் தெரிய வேண்டும். “குறைஞ்சிருக்கு டாக்டர்” என்று திருப்தியாகச் சொல்லும் ஆத்தாமார்தான் எனக்குக் கவலை. முழுக்க நிற்க வேண்டும், இஇஜியும் தெளிய வேண்டும். இல்லையென்றால் மருந்தை மாற்றுவார்கள். சிலருக்குக் கொழுப்பைக் கூட்டி மாவுச்சத்தைக் குறைக்கும் கீட்டோ உணவுமுறை, மூளையில் ஒரே இடத்தில் கோளாறு என்றால் அறுவை சிகிச்சை.

ஊசியோ ப்ரெட்னிசலோனோ ஓடும்போது முகம் உப்பும், பசி கூடும், ஓயாமல் சிணுங்கும். பிள்ளை ‘தேறிவிட்டது’ என்று ஊரார் மெச்சுவார்கள், நம்பாதீர்கள். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கச் சொன்ன நாளில் போய்ப் பார்த்துவிடுங்கள். நோய் எதிர்ப்பு குறையும். ஆகையால் கொப்புடையம்மன் திருவிழாக் கூட்டம், கல்யாண வீடு, காது குத்து எல்லாம் பிறகு. காய்ச்சல் வந்தாலும், பக்கத்து வீட்டில் அம்மை போட்டிருந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்பதையும் அவரே சொல்வார். மருந்தை நீங்களாக நிறுத்தவே கூடாது. திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

நின்ற பிறகும் திரும்ப வரலாம், அல்லது வேறு வகை வலிப்பாக மாறலாம். வளர்ச்சிக்கான பயிற்சியை வலிப்பு நிற்கும்வரை தள்ளிப்போட வேண்டியதில்லை. அரசின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் (டிஇஐசி) பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் உண்டு. எந்த நாளில் வரலாம் என்று ஆரம்ப சுகாதார நிலைய செவிலியரிடமே கேட்டுக்கொள்ளலாம்.